பாக்கெட் அரை அங்குலம் சுருங்கினால்

பூல் ஆடுபவர்களிடம் இந்தப் புலம்பலை அடிக்கடி கேட்கலாம்: "அந்த கிளப்ல அடிச்சதெல்லாம் விழுந்துச்சு, இங்க ஒண்ணுகூட உள்ள போக மாட்டேங்குது." சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மேசையின் நீள அகலமும் பந்தும் அப்படியே இருந்தாலும், பாக்கெட் மாறினால் ஆட்டம் மாறிவிடும்.

பூல் பந்தின் விட்டம் 2.25 அங்குலம். உலக பூல் சங்கத்தின் விதிப்படி மூலைப் பாக்கெட்டின் வாய் 4.5 முதல் 4.625 அங்குலம், நடுப் பாக்கெட் 5 முதல் 5.125 அங்குலம். வீட்டுக்கென விற்கும் மேசைகளில் மூலையே 5 அங்குலம் இருப்பது சாதாரணம். பெரிய போட்டிகள் சிலவற்றில் அண்மை ஆண்டுகளில் 4 அங்குலம் வரை இறக்கிவிட்டார்கள்.

அரை அங்குலம்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.5 அங்குல வாயில் பந்து போக மிச்ச இடம் 2.25 அங்குலம்; 4 அங்குல வாயில் 1.75. வாய் குறைந்தது ஒன்பதில் ஒரு பங்கு, குறி தப்பக் கிடைக்கும் இடம் குறைந்ததோ ஒன்பதில் இரண்டு பங்கு. 5 அங்குல மேசையில் பழகியவர் 4 அங்குலத்துக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. புலம்பாமல் என்ன செய்வார்?

நடுப் பாக்கெட் அகலமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நேராக வரும் பந்துக்குத்தான் அது 5 அங்குலம். 45 பாகை சாய்ந்து வந்தால் திறந்திருப்பது சுமார் மூன்றரை அங்குலமே.

அகலம் ஒரு பாதி என்றால், வடிவம் மறு பாதி. குஷன் முடிந்து பாக்கெட்டுக்குள் திரும்பும் ரப்பர் முகம் மூலையில் 142 பாகையில் வெட்டப்பட்டிருக்கும். அதனால் வாய் அகன்றும் தொண்டை குறுகியும் புனல்போல இருக்கிறது. மெதுவாக வந்து ஒரு பக்கச் சுவரில் உரசும் பந்து உள்ளே சரிந்துவிடும். அதே இடத்தில் ஓங்கி அடித்த பந்து இரு சுவர்களுக்கும் நடுவே இடமும் வலமும் மோதி வெளியே வந்து நிற்கும். குழி தொடங்கும் முன் வாய்க்குள் நீளும் கல் விளிம்பு, அதாவது பாக்கெட் திண்ணை, எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து கூடும். மூலையில் 1 அங்குலம் முதல் 2.25 வரை அது இருக்கலாம். ஆகவே ஒரே 4.5 அங்குலம் என்று சொல்லும் இரண்டு மேசைகளில் ஒன்று தாராளமாகவும் மற்றது கஞ்சத்தனமாகவும் நடந்துகொள்வதில் வியப்பில்லை.

ஸ்நூக்கரில் (1880களில் அதன் விதிகளை எழுதி வைத்தது நம் ஊட்டி கிளப்பில்தான்) பாக்கெட்டின் விளிம்பு வளைந்திருக்கும். குஷனை ஒட்டி வரும் பந்து அந்த வளைவைத் தொட்டால் பெரும்பாலும் வெளியேதான். பூலில் அதே பந்து பல நேரம் தப்பிப் பிழைக்கும். ரஷ்ய பிரமிட் ஆட்டம் இன்னும் கொடுமை: பந்து 68 மில்லிமீட்டர், மூலைப் பாக்கெட் 72 அல்லது 73.

பாக்கெட் சுருங்கினால் பந்து விழுவது குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டக்காரரை அதைவிட அதிகமாக நெருக்குவது வேறொன்று. அகன்ற வாயில், விழ வேண்டிய பந்தை வேண்டுமென்றே இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ இறக்கலாம். வெட்டும் கோணம் சற்று மாறி, வெள்ளைப் பந்து நமக்கு வேண்டிய திசையில் போகும். வாய் குறுகியதும் இந்தச் சலுகை பறிபோகிறது. வேகமாக அடித்து வெள்ளைப் பந்தைத் தூரம் அனுப்பவும் பயம். அதனால் ஆட்டக்காரர்கள் பந்தை மறைத்து வைக்கும் தற்காப்பு ஆட்டத்துக்கு இறங்குகிறார்கள். என் கணக்கில், 4 அங்குலம் உலகத் தர ஆட்டக்காரர்களைச் சோதிக்க நல்லது. வார இறுதியில் ஆடும் நமக்கு அது வீண் தண்டனை.

புது மேசையில் ஆடும் முன் மூலைப் பாக்கெட்டின் வாயில் இரண்டு பந்துகளை ஒட்டி வைத்துப் பாருங்கள். சரியாக அடைத்தால் 4.5 அங்குலம், நுழையவே மறுத்தால் அதற்கும் கீழே. அப்படிப்பட்ட மேசையில் வேகத்தைக் குறைத்து, வாயின் நடுவைப் பார்த்து அடியுங்கள். வீட்டுக்கு மேசை வாங்குகிறவர்கள் நாலரைக்குக் கீழே போகவே வேண்டாம்.