தீவகச் சிறாரும் கைத்தொலைபேசியும்

யாழ்ப்பாணத் தீவகத்திற் கல்விக்கு நெடுங்காலமாகத் தடையாய் நின்றது தூரமேயாம். ஊர்காவற்றுறையும் வேலணையும் பண்ணைத் தாம்போதியால் நகரோடு இணைந்துள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்குஞ் செல்வோரோ புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறுதல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளிற் போக்குவரத்துத் தடைப்படும். இத்தகைய நிலத்திலே, தூரத்தை ஒழிக்கும் கருவியொன்று விரும்பி வரவேற்கப்பட்டமை வியப்பன்று.

கைத்தொலைபேசி ஆரம்பப் பிரிவு மாணவரின் கைக்குப் பெரிதும் வந்து சேர்ந்தது பாடசாலையின் பெயராலேயே என்பது கருதத்தக்கது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. வட்சப் வழியாகவும் சூம் வழியாகவும் பாடங்கள் அனுப்பப்பட்டன. 2022இல் எரிபொருட் பஞ்சம் நேர்ந்தபொழுதும் அவ்வழியே நாடப்பட்டது. அதுவரை பெரியோரின் உடைமையாயிருந்த கருவி, ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் கல்விக்கருவியாயிற்று.

தீவகத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. போர்க்காலத்தில் இங்கிருந்து பலர் கனடா, பிரான்சு, இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். அங்குள்ள பெரியம்மாவின் முகத்தையும் மச்சானின் குரலையும் இங்குள்ள பிள்ளை அறிவது இக்கருவியாலேயாம். ஆதலின், இதனை முற்றாக விலக்குக என்பது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரையாகும்.

எனினும், பயன்பாடுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. பாடத்திற்கு முடிவு உண்டு. உறவினரோடு பேசும் பேச்சுக்கும் முடிவு உண்டு. சமூக ஊடகத்தின் காணொளி ஓட்டத்திற்கோ முடிவில்லை. ஒன்று முடியுமுன் மற்றொன்று தானே தொடங்கும். பிள்ளை எதனிடத்து நெடிது தங்கியது என்பதைக் கணித்து, அதனையொத்த பிறவற்றை அது முன்வைக்கும். பார்ப்போர் தங்குந்தோறும் விளம்பர வருவாய் பெருகுதலே இவ்வமைப்பின் காரணம். தன்னைத் தானே அடக்கும் ஆற்றல் இன்னும் முதிராத எட்டு வயதுப் பிள்ளை, வளர்ந்தோரே தோற்கும் இதனை எங்ஙனம் வெல்லும்?

இதனினும் ஆழ்ந்து நோக்கற்பாலது ஒன்றுண்டு. முகநூல், இன்ஸ்டகிராம், டிக்டொக் முதலியன 13 வயது நிரம்பாதோர்க்குப் பொதுவாகக் கணக்கு வழங்குவதில்லை. 13 வயதுக்கு உட்பட்டோரின் தகவல்களைத் திரட்டப் பெற்றோரின் இசைவு வேண்டும் என 1998இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமே இவ்வெல்லைக்கு அடிப்படை. ஆரம்பப் பிரிவு மாணவரோ பெரும்பாலும் 5 முதல் 10 வயதினர். ஆகவே, அவர்தம் பெயரிற் கணக்குத் தொடங்கப்படுமாயின் பிறந்த ஆண்டு பொய்யாகவே பதியப்படல் வேண்டும். அப்பொய்யைப் பதிபவர் சிலவிடத்துப் பெற்றோரே! வாய்மையை வகுப்பறையிற் கற்கும் பிள்ளை, பொய்யின் பயனை வீட்டிற் கற்கின்றது. அன்றியும், வயது மிகுத்துக் கூறப்பட்ட பிள்ளையை அவ்வமைப்பு வளர்ந்தோராகவே கொள்ளும். சிறார்க்கென அமைந்த காவல்கள் அதற்குக் கிட்டா.

அவுஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டோர் முதன்மையான சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருத்தலைத் தடுக்குஞ் சட்டத்தை 2024இல் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டம் துணை செய்யும். ஆயினும், வீட்டார் பொய்க்கு உடன்படுமிடத்து அது தளர்ந்துபோம்.

ஆகவே செய்யத்தக்கன யாவை? கருவி பெற்றோருடையதாகவே இருத்தல் வேண்டும்; பிள்ளை அதனைக் கேட்டுப் பெற்று, பலருங் கூடியிருக்கும் இடத்திற் பயன்படுத்தி, மீள ஒப்படைத்தல் வேண்டும். உறங்கும் அறையில் அதற்கு இடமில்லை. ஆசிரியர் பாடங்களைப் பெற்றோரின் எண்ணுக்குக் குறித்த வேளையில் அனுப்பி, கொப்பியிற் செய்யும் பயிற்சிகளை மிகுதியாக வழங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், 5 முதல் 17 வயதினர் நாடோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலியக்கத்தில் ஈடுபடல் வேண்டும் என்கின்றது. ஓடியாட வெளியும் மணலும் உள்ள தீவகத்தில் அதற்குச் செலவு ஏதுமில்லை.

தூரத்தை வென்ற கருவி, அருகிருப்போரைத் தூரத்தாராக்குதல் கூடாது. இதனைக் காக்கும் பொறுப்பு, பிள்ளையின் கையிற் கருவியைக் கொடுத்தோருடையதேயாம்.