கிட்டப்போய் எடுக்க ஒரு லென்ஸ்

குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் நின்று, கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸில் படம் எடுப்பவருக்கு ஒரு குறை இருக்கும்: கண் பார்த்த அகலம் படத்தில் வரவில்லை. வைட் ஆங்கிள் வாங்கினால் அகலம் வந்துவிடும். ஆனால் அதே இடத்தில் நின்று எடுத்தால் தூரத்துக் கலங்கரை விளக்கம் தீக்குச்சியாகச் சுருங்கி, மிச்சமெல்லாம் வெறும் வானமும் மணலுமாக இருக்கும். காசு போட்டவருக்கு மனசு விட்டுப்போவது இங்கேதான்.

வைட் ஆங்கிள், கிட்டப்போய் எடுப்பதற்கான லென்ஸ். அலை வடிந்த பாறைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அதன் பள்ளத்தில் தேங்கிய நீரை முன்னால் வைத்து எடுத்துப் பாருங்கள். கிட் லென்ஸைக் கழற்றிவிட்டு அதே கேமராவில் 10 மி.மீ. லென்ஸை மாட்டி, எஃப் 8-இல், சுமார் 70 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் வைத்தால், ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கும் பாறை முதல் தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். பாறை பெரிதாக எழுந்து நிற்க, கடல் அதன் பின்னால் விரியும். ஆழம் வருவது அந்த முன்புறப் பொருளால்தான்.

இதைப் புரிந்துகொண்டால் செலவும் குறையும். கூடுதல் ஒளியை உள்ளே விடும் எஃப் 2.8 லென்ஸ் விலையும் எடையும் கூடியது. டிரைபாடில் வைத்து எஃப் 8, எஃப் 11-இல் நிலக்காட்சி எடுப்பவருக்கு அந்தக் கூடுதல் ஒளி தேவையே இல்லை. இரவு வானில் பால்வீதி எடுக்க ஆசை என்றால் மட்டும் டோக்கினா 11-16 போன்ற எஃப் 2.8 லென்ஸைத் தேடலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஆடாத ஒரு டிரைபாடு வாங்கட்டும்.

சென்சார் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஃபுல் ஃபிரேமோடு ஒப்பிட, தொடக்கநிலை கேனன் கேமராக்களில் மி.மீ. எண்ணை 1.6-ஆலும், நிக்கான், சோனியில் 1.5-ஆலும் பெருக்க வேண்டும். அப்படியானால் கேனனில் 18 என்பது 29 ஆகிறது. 10 என்பது 16. மூலைக்கு மூலை பார்வைக்கோணம் சுமார் 74 டிகிரியிலிருந்து 107 டிகிரிக்கு விரிகிறது. ஃபுல் ஃபிரேமுக்கான 16-35 லென்ஸை அதே கேமராவில் மாட்டினால் அதன் அகலமான முனையே 26-தான். கிட் லென்ஸைவிட அதிகமாக ஒன்றும் கிடைக்காது.

கேனனில் இந்த அகலம் தரும் இஎஃப்-எஸ் 10-18, 2014-இல் 300 டாலருக்கு வந்தது. முந்தைய 10-22 லென்ஸின் விலையில் ஏறக்குறைய பாதி. எடை 240 கிராம். மவுன்ட் பிளாஸ்டிக்தான்; அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. நிக்கானில் 2017-இல் வந்த ஏஎஃப்-பி 10-20 இதற்கு இணை. ஆனால் டி90, டி3100, டி5100 போன்ற பழைய கேமராக்களில் அது ஃபோகஸ் ஆகாது.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதுதான் என் முதல் யோசனை. நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல்போல் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பிறகு ஒரு செங்கல் சுவருக்கு நேரெதிரே கேமராவை நிறுத்தி, எஃப் 8-இல் ஒரு படம் எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். அந்த லென்ஸும் வேண்டாம்.

உங்களுக்குத் தூரத்து மலைத்தொடர் மட்டும் போதும் என்றால் லென்ஸே வாங்காதீர்கள். கிட் லென்ஸை வைத்து, கேமராவை நெட்டாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி ஐந்தாறு படங்கள் எடுத்து, ஹகின் என்ற இலவச மென்பொருளில் ஒட்டிவிடலாம். மலை அசையாது, ஒட்டு தெரியாது. ஆனால் முட்டத்துப் பாறையில் இந்த ஒட்டுவேலை கைகொடுக்காது. முன்புறப் பொருள் மிக அருகில் இருந்தால் ஒட்டுகள் பிசகும். அடுத்த படம் எடுப்பதற்குள் அலையும் இடம் மாறியிருக்கும்.