விறைக்கும் விரல்கள்



திருகோணமலைத் துறைமுக நகரில் பொழுது புலருமுன்னரே துவிச்சக்கர வண்டிகளின் மணியோசை கேட்கத் தொடங்கிவிடும். மீன்பெட்டியைப் பின்னே கட்டிச் செல்லும் வியாபாரியும், தொழிலுக்கு விரையும் தொழிலாளியும், பாடசாலைக்கு வரும் மாணவனும் அவ்வண்டியையே நம்பியுள்ளனர். இவர்களுட் பலர் அடையும் துன்பம் ஒன்றுண்டு. அதுவே கைவிறைப்பு. வண்டியை விட்டிறங்கிக் கையை உதறினால் அது பெரும்பாலும் நீங்கிவிடுகின்றது. ஆதலின் அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. யானும் பொருட்படுத்தாதிருந்தவனே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், அழகுற எழுதும் மாணவன் ஒருவனின் கையெழுத்துச் சிதையத் தொடங்கிற்று. அசட்டையென எண்ணி அவனைக் கடிந்துகொண்டேன். அவன் வாய் திறவாது நின்றான். பிறிதொரு நாள், சட்டைப் பொத்தானைப் பூட்டவியலாது அவன் தடுமாறுவதைக் கண்டு வினவினேன். "சின்ன விரலும் பக்கத்து விரலும் விறைச்சுப்போச்சு, சேர்" என்றான். ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நிலாவெளியிலிருந்து, தந்தையின் பெரிய வண்டியில் நாள்தோறும் வந்து செல்பவன் அவன்.

இவ்விறைப்புக்குக் காரணம் யாது? முழங்கையின் உட்புறம் கதவிற் பட்டால் சின்ன விரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்ச்சி எழுகின்றதன்றோ? அந்நரம்பே கீழிறங்கி, மணிக்கட்டிற் சின்ன விரற் பக்கமாயுள்ள ஓர் ஒடுங்கிய வழியூடே உள்ளங்கையை அடைகின்றது. 1861ஆம் ஆண்டில் அவ்வழியை விவரித்தவர் குயோன் என்னும் பிரெஞ்சு அறுவை வைத்தியர். உடலின் பாரத்தை உள்ளங்கையின் அடியில் ஏற்றி வண்டிக் கைபிடியை அழுத்தும்போது இந்நரம்பு நசுங்குகின்றது. பாதையின் அதிர்ச்சியும் அதனோடு சேர்ந்துகொள்கின்றது. விரல்களை அகற்றவும் சேர்க்கவும் பயன்படும் சிறு தசைகளை இயக்குவதும் இதுவே. எனவே, நோவின்றியே கை வலுவிழத்தல் கூடும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன விறைப்பின், மணிக்கட்டின் நடுவே செல்லும் வேறொரு நரம்பு அழுத்தப்படுகின்றது என்று கொள்ளலாம். மணிக்கட்டைப் பின்புறமாக மடித்துப் பிடிப்போர்க்கு இது நேரும்.

ஆகவே, பாரத்தைக் கையிலிருந்து ஆசனத்துக்கு மாற்றுதலே முதற் பரிகாரம். ஆசனத்தின் முனை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் உடல் முன்னே வழுக்கும். கைகள் அதனைத் தாங்க நேரும். ஆதலால் ஆசனம் மட்டமாயிருத்தல் வேண்டும். கைபிடி மிகத் தாழ்ந்திருப்பின் சற்றே உயர்த்துக. ஆயின் அதன் தண்டிற் குறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை உயர்த்தலாகாது. முழங்கை சிறிது மடிந்தும், மணிக்கட்டு நேராகவும் இருக்கட்டும். நாதசுரக்காரரின் விரல்களைப்போல உங்கள் விரல்களும் கைபிடிமேல் இலகுவாய் அசையக்கூடுமாயின், பிடி சரியானதே. இடையிடையே பிடிக்கும் இடத்தையும் மாற்றுக. தேய்ந்த கைபிடி உறைகளைப் புதுப்பிக்க. காற்றடைத்த ரயரை 1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லொப் ஆக்கியது அதிர்ச்சியைக் குறைத்தற்கேயாம். அளவுக்கு மீறிக் காற்றடைப்பின் அப்பயன் குன்றும்.

அம்மாணவனின் வண்டியை இவ்வாறு சீர்செய்வித்தோம். அவனை வைத்தியரிடமும் அனுப்பினோம். சில வாரம் அவன் பேருந்தில் வந்தான். எழுத்து மெல்ல மெல்லப் பழைய அழகைப் பெற்றது. யான் கடிந்துரைத்த சொல்லை மட்டும் மீளப் பெற இயலவில்லை.

இறங்கிய பின்னரும் விறைப்பு நாட்கணக்கில் நீடிப்பினும், பேனாவோ கோப்பையோ கைநழுவினும், உள்ளங்கைத் தசை மெலியினும் தாமதியாது வைத்தியரை நாடுக. கால்களும் சேர்ந்து விறைப்பின் நீரிழிவு முதலிய வேறு காரணங்களும் இருத்தல் கூடும். கையை நம்பி வாழ்வோர் நாம். உங்கள் வீட்டு வண்டியின் ஆசனத்தை இன்று மாலையே ஒருமுறை பாருங்கள், அதில் ஏறிச்செல்லும் பிள்ளையிடம், "கை விறைக்கிறதா?" என்றும் கேளுங்கள்.