கோட்டைக்குள் ஓர் ஆலயம் – 9: பல்லாவரத்துக் கல் போன தூரம்

பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று இரண்டடி கனத்தில் செங்கல் வளைவுக் கூரை போட்டு, 1680 அக்டோபர் 28-ஆம் தேதி மதராஸ் கோட்டையில் புனித மேரி ஆலயம் திறக்கப்பட்டது வரை பார்த்தாயிற்று. இந்த வாரம் ஆலய முற்றத்தில் பதித்திருக்கும் கல்லறைக் கற்களின் கதை என்று சொல்லியிருந்தோம். அந்தக் கற்களுக்கு முன்னால், உள்ளே நிற்கும் இன்னொரு கல் வழிமறிக்கிறது.

அது ஞானஸ்நானத் தொட்டி. மேலே மர மூடி. மூடிக்குக் கீழே கன்னங்கரேலென்ற கல். பல்லாவரம் குன்றில் வெட்டி எடுத்தது.

கோட்டை ஆலயம் முழுக்கச் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். நான்கடிச் சுவரானாலும் சரி, மூன்று கூடங்களை மூடிய வளைவுகளானாலும் சரி, எல்லாம் சுட்ட மண். அத்தனை செங்கல்லுக்கு நடுவே குழந்தையின் தலையில் ஊற்றும் தண்ணீரை ஏந்துவதற்கு மட்டும் பக்கத்து ஊர்க் கருங்கல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த உளியைப் பிடித்த கல்தச்சர் யார் என்று எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. இங்கே மணம் முடித்தவர்களின் பெயர்களை எழுதிவைத்த அளவு கவனத்தோடு இதையும் எழுதிவைத்திருக்கலாம்.

1689-இல் இந்த ஆலயத்துக்கு மூன்று பெண் பிள்ளைகள் வந்தார்கள். மேரி, எலிசபெத், கேத்தரின். தகப்பனார் ஜாப் சார்னாக், கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளத் தலைமை ஏஜெண்ட். அங்கே முகலாய ஆட்சியோடு மோதல் முற்றி, கம்பெனி ஆட்கள் எல்லோரும் கப்பலேறி மதராசுக்கு வந்து ஒதுங்கியிருந்த நேரம் அது. பிள்ளைகளின் தாய் இந்தியப் பெண். கணவனின் சிதையில் ஏறவிருந்த விதவையை சார்னாக் மீட்டுக் கூட்டிவந்தார் என்றொரு கதை உண்டு. அலெக்ஸாண்டர் ஹாமில்டன் என்ற கப்பல் வணிகர் பல ஆண்டு கழித்து எழுதிவைத்ததால் பரவிய கதை அது. அதில் உண்மை எவ்வளவோ. ஆனால் மூன்று பெண்களுக்கும் 1689 ஆகஸ்டில் இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் ஆனது பதிவேட்டில் இருக்கிறது. பல்லாவரத்துத் தொட்டியில்தான் ஆனது என்பது ஆலயத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

மறு ஆண்டு சார்னாக் வங்காளம் திரும்பினார். 1690 ஆகஸ்ட் 24-ஆம் தேதி ஹூக்ளிக் கரையில் சுதாநுட்டி கிராமத்தில் இறங்கினார். அங்கேதான் பிறகு கல்கத்தா வளர்ந்தது. இரண்டரை ஆண்டுக்குள் அங்கேயே இறந்தும் போனார். மூத்த மகள் மேரியை மணந்திருந்த சார்லஸ் அயர், மாமனாருக்கு எண்கோணத்தில் ஒரு கல்லறை மண்டபம் எழுப்பினார். இன்றைக்கும் அது கல்கத்தா புனித ஜான் ஆலய வளாகத்தில் இருக்கிறது.

கல்கத்தா நிற்பது கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல். தோண்டத் தோண்ட மண்தான் வரும், பாறை தட்டாது. பெயர் பொறிக்க ஒரு பலகைக் கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். அந்த நாளில் சோழமண்டலக் கரையிலிருந்து கல்லறைக் கற்கள் கப்பலேறிப் போவது வழக்கம். டச்சுக்காரர்கள் ஜாவாத் தீவின் பத்தாவியா வரைக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். சார்னாக்கின் கல்லும் மதராஸ் பக்கத்திலிருந்துதான் போயிற்று.

இருநூறு ஆண்டுகள் அதை யாரும் கல்லாகப் பார்க்கவில்லை. வந்தவர்கள் எழுத்தைப் படித்துவிட்டுப் போனார்கள். 1893-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற இளம் அறிஞர்தான் எழுத்தை விட்டுவிட்டுக் கல்லைப் பார்த்தார். சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் எந்தக் கருங்கல்லிலும் இருப்பவை. இதில் கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இருந்தது. இப்படிப்பட்ட பாறை பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடப்பது அவருக்குத் தெரியும். அதற்கென்று தனிப் பெயர் இல்லாதிருந்ததால், கல்கத்தாவை நிறுவியவரின் நினைவாக ‘சார்னோகைட்’ என்று வைத்தார்.

நீலகிரியும் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் இந்தப் பாறைதான். கேரளம், இலங்கை, அண்டார்க்டிகா வரை இது கிடைக்கிறது. எங்கே கிடைத்தாலும் பெயர் சார்னோகைட். பரங்கிமலையில் இது வெளிப்பட்டு நிற்கும் இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டு. புதிதாக உடைத்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு சாம்பல் பச்சையாக இருக்கும். குவார்ட்ஸ் மணிகள் வெள்ளையாக இல்லாமல் லேசான நீலம் காட்டும். மெருகேற்றிவிட்டால் இந்த நிறமெல்லாம் மறைந்து கறுப்பு மட்டும் மிஞ்சும்.

சார்னாக்கின் கல்லில் அவர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயரும் வெட்டியிருக்கிறது. 1697-இல் இறந்துபோன மகள் மேரியின் பெயர். கோட்டை ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற அதே மேரி. ஆலயத்தில் சொல்லிவருவது சரியென்றால், பெயர் சூட்டியபோது தண்ணீரை ஏந்தியது பல்லாவரத்துக் கல். கடைசியில் அந்தப் பெயரை ஏந்திக்கொண்டதும் அதே இனத்துக் கல். இத்தனைக்கும் நடுவில் எட்டே ஆண்டுகள்.

பல்லாவரம் என்றால் இன்று பெரும்பாலோருக்கு ரயில் நிலையமும் வெள்ளிக்கிழமைச் சந்தையும்தான். ஆனால் அந்தக் குன்றுக்கு உளி ஒன்றும் புதிதல்ல. கும்பினிக்காரர்கள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மகேந்திரவர்ம பல்லவன் அங்கே குடைவரை எடுத்தான். அது இப்போது தர்காவாக இருக்கிறது. உள்ளே அவனுடைய விருதுப் பெயர்களும் இருக்கின்றன. 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரி ஒன்றை எடுத்ததும் பல்லாவரத்தில்தான். இந்தியாவின் பழங்கற்கால ஆராய்ச்சி தொடங்கியது அந்தக் கோடரியிலிருந்து. அது குவார்ட்ஸைட், வேறு இனம். ஆனாலும் சென்னையின் சரித்திரம் எழுதுகிறவர்கள் கோட்டையில் தொடங்காமல் பல்லாவரத்தில் தொடங்கினால் தப்பே இல்லை. பக்கத்துத் திரிசூலத்தில் குவாரி வெட்டிய பள்ளங்கள் இன்று தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன. அங்கிருந்து ஜல்லியாகப் போனது எவ்வளவு என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சார்னாக் பெண்களுக்காக ஆலயப் பதிவேட்டை எடுத்த கையோடு இன்னொரு பெயரையும் சொல்லிவிடலாம். 1753 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் நடந்த திருமணத்தை அந்தப் பதிவேட்டில் பார்க்கலாம். அதைக் காட்டுகிறவர்கள் கிளைவின் பெயரில் நின்றுவிடுகிறார்கள். மணத்தை நடத்திவைத்தவர் யோகான் பிலிப் ஃபப்ரீசியஸ். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தவர், விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர், வேப்பேரியில் இருந்த ஜெர்மானிய மிஷனரி. தமிழ் வாசகருக்குக் கிளைவை விட நெருக்கமானவர் அவர்தான். அவருக்கென்று தனியாக ஒரு வாரம் ஒதுக்கியாக வேண்டும்.

முற்றத்துக் கற்களுக்கு இனி இடமில்லை. தொடக்கம் மட்டும் இங்கே. 1652 என்று ஆண்டு பொறித்த எலிசபெத் பேக்கரின் கல்தான் அவற்றில் பழமையானது. ஆலயத்தை விட 28 ஆண்டு மூத்த கல் ஆலய முற்றத்தில் கிடக்கக் காரணம், அது அங்கே கிடந்த கல்லே அல்ல என்பதுதான். பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, இன்றைய சட்டக் கல்லூரி வளாகத்தில் இருந்தது. 1758-59-இல் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தக் கல்லறைகளையே மறைவாகப் பயன்படுத்தியது. முற்றுகை நீங்கியதும் ஆங்கிலேயர் இடுகாட்டை இடித்துத் தள்ளிவிட்டுப் பெயர்ப் பலகைகளை மட்டும் ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஹைதர் அலியோடு போர் மூண்டபோது, பீரங்கிகளுக்கு அடியில் போட அதே கற்களைக் கொத்தளத்துக்குத் தூக்கிப்போனார்கள். உடைந்தவை போக மிஞ்சியவையே இன்று முற்றத்தில் இருப்பவை.

இடுகாட்டை இடித்தபோது இரண்டு நினைவுச் சின்னங்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அவற்றில் ஒன்று ஜோசப் ஹின்மர்ஸின் கூர்நுனித் தூண். ஹின்மர்ஸ் இறந்தது 1680-இல். அதே ஆண்டு நவம்பரில், புதிதாகத் திறந்த கோட்டை ஆலயத்தில் நடந்த முதல் திருமணத்தில் மணப்பெண்ணாக நின்றவர் அவருடைய மனைவி கேத்தரின். மாப்பிள்ளை எலிஹு யேல். அடுத்த வாரம் அந்தத் தூணிலிருந்து தொடங்குவோம்.