போல்களின் ஊடே ஒரு நடை

1411ஆம் ஆண்டில் சுல்தான் அகமது ஷா சபர்மதி ஆற்றங்கரையில் நிறுவிய அகமதாபாத்தின் பழைய நகரைக் கால்நடையாகச் சென்றே முறையாகக் காண இயலும்; ஏனெனில், அதன் குடியிருப்புகள் 'போல்' எனப்படும், ஒரு வாயிலின் வழியே நுழைந்து உள்ளே கிளைகிளையாகப் பிரியும் குறுஞ்சந்துகளில் அமைந்தவை. இருசக்கர வண்டிகள் அங்கும் புகுந்துவிடுகின்றன என்பது வேறு செய்தி. ஒரே சமூகத்தினரோ தொழிலினரோ கூடி வாழ்ந்த போல்களில், ஆபத்துக் காலத்தில் அண்டைப் போலுக்குக் கடந்து செல்ல, வீட்டுக் கதவு போலவே தோற்றமளிக்கும் மறைவழிகள் விடப்பட்டிருந்தன. வழியறிந்த துணை ஒருவர் உடன்வராவிடில், புதியவர் கண்ணுக்கு அவை வெறும் கதவுகளே. பறவைகளுக்குத் தீனியிடக் கம்பத்தின் மேல் மரச்செதுக்கு வேலைப்பாட்டுடன் எழுப்பிய 'சபூத்ரோ'வும், முற்றத்தின் அடியில் மழைநீரைச் சேமிக்கும் 'டாங்கா' என்னும் தொட்டியும் அவ்வாறே நின்று நோக்குவோருக்கு மட்டும் புலப்படுபவை. 2017இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்நகரில், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1997இல், மாநகராட்சி மரபு நடையொன்றைத் தொடங்கியது; வழிகாட்டியுடன் காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் புறப்படும் அந்நடை, சந்துகளின் ஊடே வளைந்து சென்று, 1424இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாமா மசூதியில் நிறைவடைகிறது.