பத்து விரலும் ஆறாயிரம் ரூபாயும்

அக்கா வீட்டு டீப்பாயில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட புத்தகம் ஒன்று கிடந்தது. நாற்பது பக்கம், வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் கலராய் வட்டப்படம். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகனுக்கு இசை அறிவு 14.2 சதவீதமாம், கணித அறிவு 9.6 சதவீதமாம். பள்ளிக்கூட வராந்தாவில் மேசை போட்டு, பத்து விரலையும் ஸ்கேன் செய்து கொடுத்த அறிக்கை. கட்டணம் ஆறாயிரம் ரூபாய். "அபாகஸ நிறுத்திட்டு கீபோர்டு கிளாஸ்ல சேத்துடலாமான்னு பாக்கறேன்டா" என்றாள். பையன் கூடத்தில் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். அஞ்சு கறுப்பு, மூணு வெள்ளை, ஒரு சிவப்பு. விரலை மடக்காமலே "நூத்தி அறுபது" என்று கத்தினான்.

இந்தச் சோதனைக்கு டி.எம்.ஐ.டி. என்று பெயர். ரேகையும் மூளையும் கருவில் ஒரே காலத்தில் உருவாகின்றன, ஆகவே ரேகையைப் பார்த்து மூளையைச் சொல்லிவிடலாம் என்பது விற்பவர்களின் வாதம். அதே மாதங்களில் சிறுநீரகமும்தான் வளர்கிறது. அதைச் சோதிக்க யாரும் கட்டைவிரலை நீட்டச் சொல்வதில்லை. டி.எம்.ஐ.டி.க்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டு நிறம் சொல்லவைக்கும் 'மிட்பிரெயின்' வகுப்பும் இதே குடும்பம்தான். மூக்கோரத்து இடுக்கைச் சரியாக அடைத்துவிட்டால் அந்த சக்தி காணாமல் போகும்.

முறையான சோதனை வேறு மாதிரி இருக்கும். அமைதியான அறையில் ஒரு குழந்தையும் ஒரு உளவியலாளரும் மணிக்கணக்கில் எதிரெதிரே உட்கார வேண்டும். சிவப்பு, வெள்ளைக் கட்டைகளைக் கொடுத்து, அட்டையில் இருக்கும் வடிவத்தை அப்படியே அடுக்கச் சொல்வார், கையில் ஸ்டாப்வாட்ச். நாலைந்து எண்களைச் சொல்லி, பின்னாலிருந்து முன்னுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்வார். வயதொத்த பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் வரும். நூறு பேரில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். 130-ஐத் தாண்டுவது ஏறக்குறைய இரண்டு பேர். 'மீத்திறன்' என்று வழக்கமாகக் கோடு போடுவது அங்கேதான். காய்ச்சலோ பயமோ இருந்தால், வீட்டில் பேசாத மொழியில் கேள்வி வந்தால், எண் இறங்கும். அதனால் பொறுப்பான அறிக்கை ஒற்றை எண்ணோடு நிற்காது, இதிலிருந்து இதற்குள் என்று ஒரு வீச்சையும் சொல்லும்.

பிரான்சில் ஆல்பிரெட் பினே 1905-ல் முதல் சோதனையை உருவாக்கியது மேதைகளைப் பொறுக்கி எடுக்க அல்ல, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவுவதற்கு. அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அதை மேதைகளைப் பிடிக்கும் வலையாக்கினார். 1921-ல் தொடங்கி கலிஃபோர்னியாவில் 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். மதிப்பெண் போதவில்லை என்று அந்த வலையிலிருந்து நழுவியவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். 1956-லும் 1968-லும் இயற்பியல் நோபல் அவர்களுக்குப் போனது. தேர்வானவர்களில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை.

ஆகவே சும்மா ஒரு ஆசைக்காகச் சோதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் இருந்தால் தயங்கவும் வேண்டாம். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும் பிள்ளை எழுதும்போது தடுமாறுகிறதா? மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும். குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ, முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலோ விசாரியுங்கள். தனியாரிடம் போனால், இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் என்ன, எந்தச் சோதனை, எந்த மொழியில் என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள்.

பள்ளியில் சேர்க்கும்போதே பிள்ளைக்குத் தேர்வு, பெற்றோருக்கு நேர்காணல் என்று வடிகட்டினால் அது சட்டமீறல். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13 அதைத் தடுக்கிறது. முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்தடுத்து ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். (2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு.) மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றதற்கு ஒப்புதல் வாங்குங்கள். பலிக்கவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது.

விரல் ரேகை விவகாரம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியிருந்தால் முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி, அறிக்கை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அக்கா பீரோவைக் குடைந்து ரசீதைத் தேடினாள். ரசீதே கொடுக்கவில்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. போனில் ஜிபே பதிவு இருந்தது. பெயர், தேதி, தொகை மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 1915-க்குப் போன் போட்டோம்.