மேடை ஓய்ந்த பின்னும் ஓயாத ஒலி

2007 ஆம் ஆண்டு மார்ச் 17, சனிக்கிழமை. காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் மேற்படிப்பு பயின்றுகொண்டிருந்த நானும் நண்பர்கள் இருவரும் ஓசூரில் பேருந்து ஏறி, அத்திப்பள்ளியைக் கடந்து, பெங்களூரு அரண்மனை மைதானத்தை அடைந்தோம். ‘அயர்ன் மெய்டன்’ என்னும் ராக் இசைக்குழு அன்றுதான் முதன்முறையாக இந்தியாவில் மேடையேறியது. 1975 இல் ஸ்டீவ் ஹாரிஸ் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கிய குழு அது. அவர்களுடைய ஒலிநாடாக்களைத் தேயும்வரை கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

முன்னதாகத் தில்லியின் ‘பரிக்ரமா’ குழு வாசித்தது. பின்னர் அந்த அறுவரும் வந்தனர். அவர்களுள் இளையவரான பாடகர் புரூஸ் டிக்கின்சனுக்கே அப்போது 48 வயது. டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரெயினுக்கு 54. மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியவாறே டிக்கின்சன் பாடினார். மூன்று கிட்டார்கள் ஒருங்கே முழங்கியபோது ஒலி காதில் மட்டுமன்றி நெஞ்செலும்பிலும் அதிர்ந்தது. இன்னும் நெருங்கிக் கேட்கும் ஆவலில், கூட்டத்தை விலக்கி, மாபெரும் ஒலிபெருக்கிகளின் அருகிலேயே போய் நின்றோம். என் வாழ்வில் மறக்க இயலாத மாலைகளுள் அது ஒன்று.

நள்ளிரவுக்குப் பின் வீடு திரும்பிப் படுத்தபோது, இரு காதுகளிலும் ‘ஙொய்’ என்ற இரைச்சல். காலையில் அம்மா பேசியது பஞ்சுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்டது. அன்று மாலை இரைச்சல் தணிந்தது. “சரியாகிவிட்டது” என்று மகிழ்ந்தோம். காதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நானே ஒரு காதடைப்பானைக்கூட எடுத்துச் செல்லவில்லை. தவறு முற்றிலும் என்னுடையது.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. காற்றில் சாய்ந்த கேழ்வரகுப் பயிர் மீண்டும் நிமிர்வதுபோல், பேரொலியால் களைத்த செல்கள் பலவும் ஓய்வுக்குப் பின் நிமிர்கின்றன. இரைச்சல் தணிவது இதனால்தான். ஆனால் புயலில் ஒடிந்த பயிர் நிமிராது. மனிதக் காதில் ஒருமுறை இறந்த மயிரிழைச் செல் மீண்டும் முளைப்பதில்லை.

சில காலத்துக்கு முன் ஒரு தந்தையும் மகனும் என்னிடம் வந்தனர். மகன் முந்தைய இரவு பெங்களூருவில் இசைநிகழ்ச்சி பார்த்துத் திரும்பியவர்; காதில் இரைச்சல். தந்தை துணைக்கு வந்தவர்; தொழிற்சாலை ஒன்றின் பிரஸ் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தந்தை தலையசைத்தாரே தவிர, பொருத்தமாக விடை கூறவில்லை. இருவருக்கும் செவித்திறன் சோதனை செய்தேன். இரண்டு வரைபடங்களிலும் 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரே வடிவில் ஒரு பள்ளம். மகனுடையது ஆழமற்றது, தந்தையுடையது கிணறு.

“பேசுறது கேக்குது டாக்டர். என்ன பேசுறாங்கன்னுதான் விளங்கல” என்றார் தந்தை. பேரொலியால் நேரும் செவித்திறன் இழப்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்கியதில்லை. மெல்லிய, கூரிய ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரெழுத்துகள் கேட்கும், ச, த, ப போன்ற மெய்யொலிகள் நழுவிவிடும். குழந்தைகளின் குரலும் பெண்களின் குரலும் முதலில் மங்கும்.

ஒலியின் தீங்கு, அதன் அளவையும் நேரத்தையும் பொறுத்தது. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் எஞ்சுவது 15 நிமிடமே. ராக் இசைநிகழ்ச்சியோ இரண்டு மணி நேரம் நீடிக்கும். நம் பகுதி இளைஞர் பலர் பகல் முழுவதும் இயந்திர ஒலியில் உழைத்து, மாலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கின்றனர். இரண்டும் ஒரே கணக்கில்தான் சேர்கின்றன. பேரொலியால் நேரும் செவித்திறன் இழப்பை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியலில் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சேர்த்திருந்தது.

மேடையில் நிற்பவர்களும் இதற்கு விலக்கல்லர். ‘ஏசி/டிசி’ குழுவின் பாடகர் பிரையன் ஜான்சன், தொடர்ந்தால் செவித்திறனை முற்றிலும் இழக்க நேரிடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால், 2016 இல் சுற்றுப்பயணத்தைப் பாதியில் நிறுத்தினார்; சில ஆண்டுகள் கழித்தே மீண்டும் மேடையேறினார். நாங்கள் கண்டு வியந்த டிக்கின்சனுக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் இருந்தது 2015 இல் வெளியில் தெரிந்தது. கதிர்வீச்சும் மருந்தும் பெற்றுக் குணமடைந்து, அடுத்த ஆண்டே பாடத் தொடங்கினார். உடலின் எச்சரிக்கையை அவர்கள் அலட்சியம் செய்யவில்லை. கீழே நின்று கேட்கும் நாம் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?

இசையைத் துறக்கும்படி நான் எவருக்கும் சொல்வதில்லை. சில வழக்கங்களை மேற்கொண்டால் போதும்.

இசைநிகழ்ச்சியாயினும் திருவிழாவாயினும் ஒலிபெருக்கியிலிருந்து விலகி நில்லுங்கள். இடையிடையே வெளியே சென்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். வெறும் பஞ்சு போதிய காப்பன்று. நுரையாலான காதடைப்பானை விரல்களால் மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை பிடித்திருங்கள். குழந்தைகளுக்கு அவர்களுக்கென உள்ள செவிக்கவசம் அணிவியுங்கள். ஆலையில் தரப்படும் காப்பைப் பணிநேரம் முழுவதும் அணியுங்கள். ஆண்டுக்கொரு முறை செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள்.

இரைச்சலோ அடைப்போ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் வாருங்கள். ஒரு காது திடீரெனக் கேட்காமற்போனால் அது அவசர நிலை, அன்றே வாருங்கள். தொடக்க நாள்களில் தரும் சிகிச்சையே பெரிதும் பயனளிக்கும்.

அந்த மகனுக்குச் சில வாரங்களில் வரைபடம் சீரடைந்தது. தந்தைக்குச் செவித்துணைக் கருவி பொருத்தினோம். அமைதியான வீட்டுக்குள் இப்போது பேச்சு விளங்குகிறதாம். கூட்டத்தில் இன்னும் தடுமாறுகிறாராம். கருவி ஒலியைப் பெருக்கும். இழந்த செல்களைத் திருப்பித் தராது.

இன்றும் நான் இசைநிகழ்ச்சிகளுக்குச் செல்கிறேன். சட்டைப்பையில் நுழைவுச்சீட்டோடு ஓர் இணை காதடைப்பான் இருக்கிறது. அதை அணிந்தும் பாடல் நன்றாகவே கேட்கிறது. மறுநாள் காலை வீட்டார் பேசுவதும் கேட்கிறது.